தெரிந்த சொல், தெரியாத அர்த்தம்: அல்வா கொடுப்பதும் தண்ணி காட்டுவதும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "நான் புனேயில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், எழுதப் படிக்கவும் தெரியும். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலகப் பேச்சில் பாதி புரிவதில்லை. 'அல்வா கொடுத்துட்டான்', 'கடலை போடுறான்', 'தண்ணி காட்டிட்டான்' என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான், சேர்த்தால் வேறு ஏதோ ஆகிவிடுகிறது. எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் முழிக்கிறேன். இதைப் புரிந்துகொள்ள ஏதாவது முறை இருக்கிறதா? நானும் இப்படிப் பேசலாமா?"

முறை இருக்கிறது. முதல் வேலையாக, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அதன் பின்னால் வரும் வினையைப் பாருங்கள். அல்வா வாங்கினேன், அல்வா கிண்டினேன், அல்வா சாப்பிட்டேன் என்பதில் எந்த வில்லங்கமும் இல்லை. 'கொடுத்தேன்' என்றதும் விஷயம் மாறிவிடுகிறது. அல்வா கொடுத்தான் என்றால், நம்ப வைத்துக் கடைசி நேரத்தில் கைவிட்டான் என்று பொருள். அதனால்தான் திருநெல்வேலிக்குப் போய்விட்டு வருகிற யாரும் அலுவலகத்தில் "எல்லாருக்கும் அல்வா கொடுக்கப் போறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. "அதான் மாசாமாசம் கொடுக்கறீங்களே" என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வந்துவிடும்.

இந்த வேலைக்கென்றே நம்மிடம் ஏழெட்டு வினைகள் இருக்கின்றன. போடு, விடு, கொடு, வாங்கு, வை, காட்டு, அடி, பிடி. கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இவற்றில் ஓர் ஒழுங்கும் தெரியும். 'விடு' வந்தால் பெரும்பாலும் பொய், அல்லது கட்டுக்கு அடங்காமல் வெளியே போவது: ரீல் விடுவது, பீலா விடுவது, புருடா விடுவது, ஜொள்ளு விடுவது. 'வை' வந்தால் எதிரே ஓர் ஆள் கட்டாயம் இருக்கிறார்: ஐஸ் வைப்பது முகஸ்துதி, ஆப்பு வைப்பது கெடுதல், இரண்டுமே குறிவைத்துச் செய்வது. 'போடு' என்பதில் நேரம் எடுத்து நிதானமாகச் செய்வது தெரியும்: கடலை போடுவது, மொக்கை போடுவது, சீன் போடுவது. 'காட்டு' வந்தால் கண்ணுக்கு முன்னால் ஏதோ வித்தை நடக்கிறது: படம் காட்டுவது, தண்ணி காட்டுவது. இது இலக்கண விதி இல்லை, விலக்கு நிறைய உண்டு. ஆனால் புதிதாக ஒரு தொடரைக் கேட்கும்போது எந்தப் பக்கம் யோசிக்க வேண்டும் என்று இது காட்டிவிடும்.

வினை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கத் 'தண்ணி' ஒன்று போதும். தண்ணி குடித்தான் என்றால் தாகம். தண்ணி போட்டான், தண்ணி அடித்தான் என்றால் மது. தண்ணி காட்டினான் என்றால், துரத்துகிறவரை அலைய விட்டு நழுவினான். கிராமத்தில் "மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பார்கள், அது உண்மையாகவே மாட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் வைப்பது. அதே தொடர் நகரத்தில் "நாலு மாசமா போலீசுக்குத் தண்ணி காட்டினவன் பிடிபட்டான்" என்று பத்திரிகைத் தலைப்பில் வருகிறது. ஒருவனை இனித் திருத்த முடியாது என்று வீட்டார் கைவிட்டால் "தண்ணி தெளிச்சு விட்டாச்சு". ஒரு வேலை ஒருவருக்கு மிக எளிது என்றால் அது அவருக்குத் "தண்ணி பட்ட பாடு". அரசு ஊழியரை மேலதிகாரி மிரட்டினால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்". சுத்தத் தமிழ்ச் சொல்தான், ஒரு வாக்கியம் தள்ளி வைத்தால் குடிகாரன், இன்னொரு வாக்கியம் தள்ளி வைத்தால் பணியிட மாறுதல்.

இதெல்லாம் பொருள் தெரிந்துகொள்ளும் வழி. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது வேறு, அதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன். நான் கவனித்தவரையில் தமிழ்ப் பேச்சில் இந்தத் தொடர்களைச் சொல்வதில் பாதிச் சிரிப்புதான் இருக்கிறது. மீதிப் பாதி பதிலில் இருக்கிறது. கேட்பவர் அந்தத் தொடரின் நேரடிப் படத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் நின்றே பதில் சொல்வார். நீங்கள் முழிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கும்.

காது குத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லி ஏமாற்றப் பார்ப்பதற்குக் 'காது குத்துவது' என்று பெயர். ஏன் என்பது ஒரு காதுகுத்து விழாவுக்குப் போனவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மொட்டை அடித்து, சந்தனம் பூசி, குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். ஆசாரி கம்பியோடு தயாராக இருப்பார். ஒருவர் வாழைப்பழத்தை வாயில் ஊட்டுவார், ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார், ஒருவர் "அங்க பாரு, காக்கா காக்கா" என்பார். குழந்தை காக்காவைப் பார்க்கிற அந்த நொடியில் ஆசாரி வேலையை முடித்துவிடுவார். கவனத்தைத் திருப்பிவிட்டுக் காரியம் சாதிப்பது என்றால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இப்போது பதிலைப் பாருங்கள். "நாளைக்குக் கண்டிப்பா முடிச்சுடறேன்" என்கிறவரிடம் "எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சுப்பா" என்பார்கள். இன்னும் சிலர் "காது குத்தி, கெடா வெட்டி, மொய்யும் வாங்கியாச்சு" என்பார்கள். 'பொய் சொல்லாதே' என்ற சொல்லே வரவில்லை, சண்டையும் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது.

கடலையும் அப்படித்தான். பையனும் பெண்ணும் விஷயமே இல்லாமல் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் கடலை போடுவது. மணலில் வறுக்கும் கடலையை யாராவது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் தீய்ந்துவிடும். இந்தப் பேச்சும் அந்த மாதிரிதான், நின்றால் போச்சு. அதனால் பக்கத்தில் போகிற நண்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு "ஏதோ கருகுற வாசனை வருதே" என்பான். அவ்வளவுதான் சொல்வான், நிற்கக்கூட மாட்டான். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். புதிதாக வந்தவர் உண்மையாகவே அடுப்பைத் தேடுவார்.

ஐஸ் வைத்தால் "போதும், ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்று பதில் வரும். ரீல் விட்டால் "ரீல் அந்து போச்சு" என்பார்கள். பிலிம் சுருளில் படம் ஓடிய காலத்தில் நடுவில் ரீல் அறுந்து திரை வெள்ளையாகும், கொட்டகையே கத்தும். இன்றைக்குத் தியேட்டரில் ரீலே கிடையாது, டிஜிட்டல்தான். ஆனால் பேச்சில் ரீல் இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது சலிப்பூட்டும் பேச்சுக்கான வரிசை. ஒரு காலத்தில் 'கடி' இருந்தது, கடி ஜோக் என்ற பெயர் இன்றும் நிற்கிறது. கூடவே 'அறுவை'. அதற்குப் பக்கத்திலேயே 'ரம்பம்', 'பிளேடு'. எல்லாம் உடம்பில் பட்டால் வலிக்கிற சாமான். அதனால் பதிலும் "காதுல ரத்தம் வருது, விட்டுடுப்பா" என்று வரும். இன்றைக்கு இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு நிற்பது 'மொக்கை'. மொக்கை என்றால் மழுங்கியது. பென்சில் முனை தேய்ந்தால் பள்ளிப்பிள்ளைகள் "மொக்கையாயிடுச்சு" என்பார்கள். கூரான பிளேடு சட்டென்று அறுத்துவிடும், மழுங்கியது அறுத்துக்கொண்டே இருக்கும், அறுபடவும் செய்யாது. போரடிக்கும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அனுபவத்துக்கு இதுதான் சரியான சொல் என்று அந்தத் தலைமுறை தேர்ந்தெடுத்திருக்கிறது. யாரும் குழு போட்டு முடிவெடுக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொடர்கள் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஏமாற்றுவதற்கு இத்தனை இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தால் தப்பான இடத்தில் தப்பான தொடரைப் போட்டுவிடுவீர்கள். ஒரே ஆளை வைத்துப் பார்ப்போம். ஒருவர் உங்களிடம் 20,000 ரூபாய் கைமாற்றாகக் கேட்கிறார். ஊரில் நிலம் பத்திரப்பதிவு, இரண்டே நாள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். நிலமே இல்லை. அப்படியானால் அவர் செய்தது காது குத்துவது, அல்லது காதில் பூ சுற்றுவது. ஒன்றாம் தேதி பணத்தோடு வருகிறேன் என்று சொல்லி உங்களைக் காத்திருக்க வைத்து வராமல் போனால், அன்றைக்கு அவர் கொடுத்தது அல்வா. பழைய தலைமுறை இதையே 'கடுக்காய் கொடுத்துட்டான்' என்றது. உங்களைத் தூரத்தில் பார்த்ததும் சந்துக்குள் நுழைந்து போனால் அது டிமிக்கி. தாம்பரத்தில் இருக்கிறேன் என்கிறார், நீங்கள் தாம்பரம் போனால் அம்பத்தூரில் இருக்கிறார், அம்பத்தூர் போனால் போன் அணைந்திருக்கிறது என்றால் தண்ணி காட்டுகிறார். கடைசியில் பணம் வராது என்று உறுதியான அன்றைக்குத்தான் 'நாமம் போட்டுட்டான்' என்ற சொல் வரும். தொகை பெரியதென்றால் நாமம் 'பட்டை நாமம்' ஆகும். போன பணத்தைப் பற்றிப் பேசும்போது "இருபதாயிரம் கோவிந்தா" என்பார்கள், திருப்பதி உண்டியலில் போட்டது திரும்பி வராது என்கிற கணக்கில். அதே ஆள் ஊர் முழுக்கக் கடன் வாங்கி, நீதிமன்றத்தில் திவால் மனு போட்டுவிட்டால் 'மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டான்' என்று முடியும்.

நாமம் வருவதற்கு முன்னால் நாமம் என்று சொல்லக் கூடாது. இன்னும் நம்பிக்கை இருக்கும்போது அப்படிச் சொன்னால் அது பழி. அல்வா என்றால் கோபம் பாதிதான், மறுபடி பேசலாம். இந்த அளவு நுணுக்கம் 'ஏமாற்றினான்' என்ற ஒரே சொல்லில் இல்லை.

சில சொற்களில் வினைகூட மாறாது, இடம் மட்டும் மாறும். 'கவனிப்பு' அப்படிப்பட்டது. கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை வீட்டாரை நல்லா கவனிச்சாங்க" என்றால் பாராட்டு. ஏதாவது ஓர் அலுவலகத்தில் கோப்பு நகராமல் கிடக்கும்போது "கொஞ்சம் கவனிச்சீங்கன்னா முடிஞ்சிடும்" என்று இடையில் ஒருவர் சொன்னால் லஞ்சம். காவல் நிலையத்திலிருந்து நொண்டிக்கொண்டு வருகிறவன் "உள்ள நல்லா கவனிச்சாங்க" என்றால் அடி. மூன்று இடத்திலும் மரியாதையான சொல், குரலில்கூடப் பெரிய வித்தியாசம் இருக்காது. சிறைக்கு 'மாமியார் வீடு' என்ற பெயரும் இதே வகை. நேரத்துக்குச் சோறு, வேலைவெட்டி இல்லை, வாசலில் ஆள் காவல். 'மாமூல்' என்ற சொல்லும் அப்படித்தான் வந்தது. அது உருது வழியாக வந்த சொல், பொருள் வழக்கம் என்பதுதான். 'மாமூலா நடக்கிறது' என்று இன்றும் சொல்கிறோம். வழக்கமாகக் கொடுப்பது என்ற அர்த்தத்தில் ஆரம்பித்து, கடைக்காரர் வாராவாரம் அழ வேண்டிய காசாக அது மாறிவிட்டது.

உருது என்றதும் சென்னைத் தமிழைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், நீங்கள் இருப்பது சென்னை. ஆர்க்காட்டு நவாப் 18ஆம் நூற்றாண்டில் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக் குடியேறினார். துறைமுகமும் கோட்டையும் சந்தையும் தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் பேசுகிறவர்களை ஒரே தெருவில் நிறுத்தின. கலீஜ், பேஜார், உஷார், நாஷ்டா, பேமானி எல்லாம் அந்தத் தெருவில் கிடைத்தவை. பேமானி என்பது 'பே', 'ஈமான்' சேர்ந்தது, நேர்மை இல்லாதவன். வசவுச் சொல்லாகத் தெரிந்த 'கஸ்மாலம்' சமஸ்கிருதக் 'கஷ்மலம்'. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்து, இந்தக் கஷ்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். மனத்தளர்ச்சி, அழுக்கு என்ற பொருள் கொண்ட சொல் வண்டிக்காரர் வாய்க்கு எப்படி வந்தது பாருங்கள். 'டீல்ல விட்டுட்டான்' என்பதை ஆங்கிலச் சொல் என்று நினைப்பவர்கள் அதிகம். வடசென்னையில் மாஞ்சா நூலில் பட்டம் விட்டவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள். நூலைத் தளர்த்தி ஓட விடுவதுதான் டீல், இந்தியில் 'டீல்' என்றால் தளர்வு. அந்தரத்தில் விடப்பட்ட ஆளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

சென்னைத் தெருவின் உச்சம் என்று நான் நினைப்பது ஒரு சொல் இல்லை, ஒரு கேள்வி. சாலையைப் பார்க்காமல் குறுக்கே ஓடுகிறவரைப் பார்த்து ஆட்டோ ஓட்டுநர் பிரேக் அடித்துவிட்டுக் கேட்பார்: "வூட்ல சொல்லிகினு வந்துட்டியா?" இலக்கணப்படி அது அக்கறையான விசாரிப்பு. வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று அம்மா கேட்பதைப் போன்றது. பொருள், இன்று திரும்பிப் போக மாட்டாய், கடைசியாக விடைபெற்றாயா என்பது. திட்டு, எச்சரிக்கை, நகைச்சுவை மூன்றும் மூன்றே சொல்லில் இருக்கிறது. அதன் பக்கத்து வீட்டுக்காரர்தான் 'சாவுகிராக்கி'. கிராக்கி என்றால் வாடிக்கையாளர். ரிக்‌ஷாக்காரருக்குச் சவாரி வருகிறவர் கிராக்கி. சாவுக்குச் சவாரி வருகிறவர் சாவுகிராக்கி. இந்த மொழியைத் தாழ்வாகப் பார்க்கிற பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வண்டி இழுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் மீன் விற்றவர்களும் செய்த சொற்கள் இவை, செய்நேர்த்தி எந்தப் புலவருடையதற்கும் குறைந்ததில்லை.

புலவர்களும் இதை ஒதுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. நாம் இன்று கொச்சை என்று தள்ளுவதில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். குழூஉக்குறி என்பது ஒரு குழுவுக்குள் மட்டும் புரிகிற சொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பாடப்புத்தகத்தில் வரும் எடுத்துக்காட்டுகள். கூடவே கள்ளுக்கு ஒரு பெயர் வரும்: 'சொல்விளம்பி'. குடித்தவன் வாயைத் திறந்து பேசிக்கொண்டே இருப்பான் என்பதால் சொல்லை விளம்ப வைப்பது. இன்றைக்கு 180 மில்லி புட்டியைக் 'குவார்ட்டர்' என்றும், அதை இருவர் பங்கிட்டால் வருகிற 90 மில்லியைக் 'கட்டிங்' என்றும் சொல்கிறோம். பெயரின் சுவையில் சொல்விளம்பிதான் மேல் என்பது என் கட்சி.

மங்கலம் என்பது 'செத்தார்' என்று சொல்லாமல் 'துஞ்சினார்' என்பது. பேச்சுவழக்கும் 'செத்தார்' என்பதைத் தவிர்க்கத்தான் பார்க்கிறது, ஆனால் எதிர்த் திசையில் போய்விடுகிறது: டிக்கெட் வாங்கிட்டார், மண்டையைப் போட்டார். இதில் கவனம் வேண்டும். இழவு வீட்டுப் பக்கம் இந்தச் சொற்கள் போகவே கூடாது. பொருள்களுக்கும் வேலைகளுக்கும் சொன்னால் யாருக்கும் வருத்தமில்லை. பழைய பைக் 'புட்டுக்கிச்சு', நின்றுபோன புராஜெக்டுக்குச் 'சங்கு ஊதியாச்சு', பழைய லேப்டாப்புக்குப் 'பால் ஊத்தியாச்சு'. இடக்கரடக்கல் என்பது வெளிப்படையாகச் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. ஒரு கெட்ட வார்த்தையின் முதல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மாற்றித் 'தக்காளி' என்கிறார்களே, அது அந்த வகையில் சேரும். சாம்பாரைப் பற்றிப் பேசாத இடத்தில் தக்காளி வந்தால் அது காய்கறி இல்லை.

ஈழத்துத் தமிழரோடு பழகினால் இதே வினைகள் வேறு பெயர்களோடு வேலை செய்வதைக் கேட்பீர்கள். நாம் தண்ணி காட்டும் இடத்தில் அவர்கள் 'பேய்க்காட்டுவார்கள்'. "என்னைப் பேய்க்காட்டாதை" என்றால் ஏமாற்றாதே. புலுடா விடுவது (பொய்), சுத்துமாத்து (ஏமாற்று), பம்பல் (வேடிக்கை), பகிடி (கேலி) எல்லாம் அங்கே அன்றாடச் சொற்கள். கல்லூரியில் புதிய மாணவர்களைச் சீண்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் 'பகிடிவதை' இப்போது நம் ஊர்ச் செய்திகளிலும் எட்டிப் பார்க்கிறது.

இணையம் வந்தபின் சேர்ந்தவை தனி. வீட்டில் இவ்வளவு நடந்தும் ஒருவர் வாய் திறக்காமல் இருந்தால் 'மிக்சர் சாப்பிடுகிறார்'. தொண்ணூறுகளில் வந்த ஒரு படத்தில் பெண் பார்க்கும் காட்சியில் யாரோ எதையோ பேச, ஓரமாக உட்கார்ந்து மிக்சரை மட்டும் கொறித்துக்கொண்டிருந்தவரின் சொத்து அது. அரசியல்வாதி அளந்தால் 'உருட்டு', அதை ஆதரித்துப் பேசுகிறவர் 'முட்டு கொடுக்கிறார்', சாய்கிற சுவருக்குக் கட்டை கொடுப்பதுபோல. வாய்ப்பு நழுவினால் 'வடை போச்சே'. பாட்டி, காக்கா, நரி என்று ஒரு கதையே அந்த இரண்டு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது, கதை தெரியாதவர்களுக்கு அது வெறும் சிற்றுண்டி.

சரி, நீங்களும் பேசலாமா? தாராளமாக. சிலவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்களைப் பண்டமாகக் காட்டும் சொற்கள் இந்தப் பேச்சில் ஏராளம்: பிகர், கட்டை, அயிட்டம், சரக்கு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், வாயில் எடுக்காதீர்கள். உடல் குறையையோ சாதியையோ வைத்து வரும் கேலியும் அப்படித்தான். அதில் சிரிப்பு இல்லை, சிரிக்கிறவர்கள் இருக்கலாம். அப்புறம், வடசென்னைக்காரர் ஒருவரிடம் சென்னைத் தமிழைப் போலிசெய்து பேசாதீர்கள். அவர் பேசினால் மொழி, நீங்கள் பேசினால் கிண்டல் என்றுதான் காதில் விழும்.

வயதும் மரியாதையும் முக்கியம். 'ங்க' சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடாது. "கலாய்க்கறீங்களா சார்?" என்று மேலாளரிடம் சிரித்துக்கொண்டே கேட்கலாம், அதில் அவர் கை ஓங்கியிருக்கிறது. "ரீல் விடாதீங்க சார்" என்று கேட்க முடியாது, அது அவரைப் பொய்யர் என்கிறது. சம வயதினரிடம், அதுவும் 'டா', 'மச்சி' என்று பேசும் பழக்கம் வந்த பிறகு, எதுவும் தடையில்லை.

யாரிடமும், எந்த இடத்திலும் பயமில்லாமல் பேச ஒரு வழி உண்டு: ஏமாந்த ஆளாக உங்களையே வையுங்கள். அல்வா வாங்கியவர், பல்பு வாங்கியவர், நாமம் போடப்பட்டவர் எல்லாம் நீங்களாக இருந்தால் யாருக்கும் மனம் நோகாது. பழைய வீட்டைக் காலி செய்தபோது வீட்டுக்காரர் பெயின்ட் செலவு, அந்தச் செலவு, இந்தச் செலவு என்று அட்வான்சில் பாதியைப் பிடித்துக்கொண்டார் என்று வையுங்கள். மதியச் சாப்பாட்டின்போது மூத்தவர் ஒருவரிடம் "ஹவுஸ் ஓனர் பாதி அட்வான்சுக்கு நாமம் போட்டுட்டார் சார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமலே "வடகலையா, தென்கலையா?" என்று கேட்பார்.